சுவர் என்று எழுதிய வட்டங்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் வட்டம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளில் வட்டமாக எதுவும் கிடையாது. நெட்டையான, ஒல்லியான உடம்பு. அதில் வருடத்தில் பத்து மாதம் இரண்டு ஸ்வெட்டர். பெயர் வந்தது அவருடைய நோட்டால். பரிசோதனைக்கூடத்தில் கிருமி வளர்க்கிற வேலை அவருடையது. நோயாளியின் சளியை ஒரு கம்பி வளையத்தில் தொட்டு, உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டில் கோடு கோடாக இழுப்பார். வெதுவெதுப்பான பெட்டிக்குள் இரண்டு நாள் இருந்தால் அந்தக் கோடுகளின் மேல் கிருமி முளைக்கும். எந்தத் தட்டைப் பார்த்தாலும் அவர் நோட்டில் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். உள்ளே கோடுகளை வரைவார், எங்கே என்ன முளைத்திருக்கிறதோ அங்கே புள்ளி வைப்பார், பக்கத்தில் தேதியும் படுக்கை எண்ணும் குறிப்பார், கீழே ஒரு வார்த்தை எழுதுவார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இருபத்து நான்கு வருடத்தில் முப்பத்தொரு நோட்டுகள்.

"எதுக்குக்கா இந்தப் பொழப்பு? தட்டைப் பாத்தோமா, ரிப்போர்ட் எழுதினோமான்னு போகக் கூடாதா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"தட்டை எரிச்சுடுவாங்கம்மா. அப்புறம் நான் பாத்ததுக்கு என்ன சாட்சி?" என்றார்.

அந்தப் பதிலை அப்போது பெரிய அலட்டல் என்று நினைத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பின்னால் போய் மற்றவர்களிடம் அவரைப் போல நடித்தும் காட்டினேன். நான் அங்கே டைப்பிஸ்ட். டாக்டர் அறைக்கு வெளியே என் மேஜை. பரிசோதனைக்கூடத்து ரிப்போர்ட் எல்லாம் என் கையால்தான் அச்சாகி வார்டுக்குப் போகும். இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒளித்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

எங்கள் ஊர் மிக உயரத்தில் இருக்கிறது. கீழிருந்து வருகிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் நின்று மூச்சு வாங்குவார்கள். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கிற கருவி கீழே தொண்ணூற்றைந்துக்குக் கீழ் காட்டினால் பதறுவார்கள். எங்களுக்கு எண்பத்தெட்டு என்றால் நல்ல ஆரோக்கியம். நல்ல உடம்பாக இருக்கும்வரை இது பெருமையாகக்கூட இருக்கும். நுரையீரலில் ஒன்று வந்துவிட்டால்தான் தெரியும், நாங்கள் எத்தனை விளிம்பில் வாழ்கிறோம் என்பது. கீழே ஒருவாரம் தாங்குகிற நோயாளி இங்கே ஒன்றரை நாளில் மூச்சு இயந்திரத்துக்குப் போய்விடுவார்.

பரிசோதனைக்கூடம் பழைய கட்டடம். வடக்குச் சுவருக்கு வெளியே பனி, உள்ளே ஹீட்டர். இரண்டும் சேர்ந்து சுவர் குளிர்காலம் முழுக்க வியர்க்கும். கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை படரும். பன்னிரண்டு வருடமாக வட்டம் அக்கா அந்தச் சுவரைப் பெயர்த்துப் பூசச் சொல்லி மனு கொடுத்துக்கொண்டே இருந்தார். எல்லா மனுக்களையும் அடித்தது நான்தான். கடைசியில் தேதியை மட்டும் மாற்றி அடிக்கிற அளவுக்கு எனக்கு மனப்பாடம். சுவரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூள் பறந்து தட்டுகளில் விழும். கிருமி முளைக்க வேண்டிய தட்டில் பஞ்சு மாதிரி பூஞ்சை முளைக்கும். அந்தத் தட்டு வீண். எரித்துவிட்டு, வேறு சளி அனுப்பச் சொல்ல வேண்டியதுதான்.

இது பழகிப்போய் எங்கள் ஆஸ்பத்திரியில் பூஞ்சை முளைத்த தட்டுக்கே "சுவர்" என்று பெயர் வந்துவிட்டது. "இன்னைக்கு நாலு தட்டு சுவர்" என்பார் அக்கா. நோட்டில் வட்டத்துக்குக் கீழேயும் அதே வார்த்தைதான். நான் அதை ரிப்போர்ட்டில் "மாதிரி மாசடைந்தது, மீண்டும் அனுப்பவும்" என்று அடிப்பேன். குளிர்காலத்தில் அந்த வரியை எத்தனை முறை அடித்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

அந்த வருடம் குளிர்காலம் தொடங்கும்போதே விஷக்காய்ச்சல் வந்தது. அதே நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் நடைக்கூரையைப் பிரித்தார்கள், உள்ளே போகிற வெந்நீர்க் குழாய் வெடித்துவிட்டது என்று. குளிர் தாங்குவதற்காகக் கூரைக்குள் எந்தக் காலத்திலோ அடைத்து வைத்த கம்பளிக் கழிவு மூட்டை மூட்டையாக வெளியே வந்தது. நடையெல்லாம் தூசி. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தோம். நான்கு நாளில் வேலை முடிந்தது, பெருக்கினார்கள், துடைத்தார்கள், மறந்துவிட்டோம்.

என் அம்மாவை ஐந்து படுக்கை உள்ள அந்தப் பிரிவில் இரண்டாம் படுக்கையில் போட்டார்கள். விஷக்காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கியிருந்தது. எழுபது வயது, சர்க்கரை வேறு. வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். முதல் வாரம் தேறினாள். இரண்டாவது வாரம் காய்ச்சல் மறுபடி ஏறியது. என்ன மருந்து மாற்றினாலும் இறங்கவில்லை. சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்தது. மாதிரி மாசடைந்தது, மீண்டும் அனுப்பவும். என் கையாலேயே அடித்தேன். சலிப்பாக இருந்தது, அவ்வளவுதான். மறுபடி அனுப்பினார்கள். அந்தத் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் மதியம் அம்மா போய்விட்டாள்.

"வயசு, சர்க்கரை, இந்த உயரம். யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க" என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தைத்தான் நான் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

அம்மா போன பன்னிரண்டாம் நாள், மூன்றாம் படுக்கையில் இருந்த லாரி மெக்கானிக் இறந்தார். நாற்பத்தாறு வயது. அவருக்கும் தேறி, மறுபடி காய்ச்சல் ஏறி, எந்த மருந்துக்கும் மசியாத அதே கதைதான். அவர் ரிப்போர்ட்டையும் அடித்தேன். அதே வரி.

பிறகு வட்டம் அக்காவின் தம்பி வந்தார்.

அவரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். கணவாய்ச் சாலையில் பனியை வாரித் தள்ளுகிற பெரிய இயந்திரம் ஓட்டுகிறவர். மெஷின்காரர் என்றால் அவர்தான். அவர் காலையில் சாலையைத் திறந்தால்தான் எங்களுக்குக் காய்கறி, மருந்து, தபால் எல்லாம். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டார்கள். தன்னைவிடப் பதினோரு வயது சின்னவனைத் தூக்கி வளர்த்துப் படிக்க வைத்து, "படிப்பு ஏறலை" என்று அவன் மெஷின் ஏறியபோது மூன்று மாதம் பேசாமல் இருந்து, பிறகு பேசி, கல்யாணம் செய்து வைத்தவர். தம்பி மனைவியையும் அவர்கள் பெண்ணையும் சேர்த்து நால்வரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

தம்பிக்குக் காய்ச்சல் வந்த நான்காம் நாளே ஆக்சிஜன் அறுபதுக்கு இறங்கிவிட்டது. நாலாம் படுக்கை. தொண்டையில் குழாய் போடப்போகிறார்கள் என்றதும் அக்கா பரிசோதனைக்கூடத்திலிருந்து ஓடி வந்தார். அந்த உயரத்தில் நாங்கள் யாரும் ஓட மாட்டோம்.

"என்னக்கா, என் சளிக்கும் வட்டம் போடுவியா?" என்று கேட்டார் தம்பி. முகமூடிக்குள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வாயை மூடிட்டு மூச்சு விடுடா."

"அழகா போடு. கோணலா போட்டீன்னா எழுந்து வந்து திட்டுவேன்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. குழாய் போட்டுத் தூங்க வைத்துவிட்டார்கள். ஸ்டீராய்டு தொடங்கினார்கள். முதல் வாரம் தேறினார். அக்கா முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. ஒரு நாள் என் மேஜைக்கு வந்து டீ கேட்டுக்கூடக் குடித்தார். இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, தம்பிக்குக் காய்ச்சல் மறுபடி ஏறியது.

இதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அடுத்து என்ன வரும், அதற்கடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இயந்திரத்தில் ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மருந்து மாற்றுவார்கள். நர்ஸ்கள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பிப்பார்கள். தம்பி மனைவி வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அந்த இயந்திரத்தின் ஓசையையே கேட்டுக்கொண்டிருப்பாள், ஒரு மூச்சு தவறினாலும் எழுந்து நிற்பாள். அதே பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகவே எனக்குத் துணிச்சல் இல்லை. கழிப்பறைக்குக்கூடக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனேன்.

சளித் தட்டு பெட்டிக்குள் போனது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா அதை வெளியே எடுத்தார். இதை அவர் பின்னால் என்னிடம் சொன்னார், ஒரே ஒரு தடவை. தட்டில் சாம்பல் பச்சையாகப் பஞ்சு முளைத்திருந்தது. கை பழக்கத்தில் எரிக்கிற வாளிக்குப் போய்விட்டது. போன கை பாதியில் நின்றது. வட்டம் போடவில்லையே என்று நினைவு வந்ததாம். தம்பி திட்டுவானே என்று. உட்கார்ந்து, தட்டை வெளிச்சத்தில் வைத்து, வழக்கத்தைவிட நிதானமாகக் கோணல் இல்லாமல் வட்டம் போட்டார். உள்ளே கோடுகள். பிறகு புள்ளி வைக்கப் போனபோதுதான் பார்த்தார். புள்ளிகள் எல்லாம் கோட்டின் மேலேயே வந்தன. வெளியே ஒன்றுகூட இல்லை.

சுவரிலிருந்து பறந்து விழுகிற தூளுக்குக் கோடு தெரியாது. அது ஓரத்தில் விழும், நடுவில் விழும், எங்கே வேண்டுமானாலும் விழும். கோட்டின் மேல் மட்டும் முளைக்கிறது என்றால் கம்பி வளையத்தோடு வந்தது. கம்பி வளையம் தொட்டது சளியை. பூஞ்சை தம்பியின் நுரையீரலில் இருந்தது.

மீதி இருந்த சளியை ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து, சளியைக் கரைக்கிற காரச் சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கண்ணாடி நூல் மாதிரி இழைகள், போகப் போகக் கவட்டையாகப் பிரிந்து பிரிந்து போயின. பாடப் புத்தகப் படத்தில் பார்த்தது. படிப்பு முடித்த பிறகு நேரில் பார்த்ததே இல்லை.

அப்புறம் அவர் நோட்டைப் பின்னால் புரட்டினார். அது வேண்டாத வேலை. அவருக்குத் தேவையானது கையில் இருந்தது. ஆனாலும் புரட்டினார். சுவரின் தட்டுகள் எல்லாவற்றிலும் புள்ளிகள் சிதறிக் கிடந்தன, இரண்டைத் தவிர. அந்த இரண்டிலும் அவருடைய பென்சில் புள்ளிகளைக் கோட்டின் மேல் வரிசையாக வைத்திருந்தது. அவற்றுக்குக் கீழேயும் அவருடைய கையெழுத்தில் "சுவர்."

ஒன்பதே முக்காலுக்கு அவர் என் மேஜையைத் தாண்டி டாக்டர் அறைக்குள் போனார். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வணக்கம் சொல்லாமல் போகிற ஆள் இல்லை அவர். கதவு சரியாகச் சாத்தவில்லை. எனக்குக் காது மெல்லிசு.

"மேடம், இது உங்க சுவர்தான். வருஷா வருஷம் நீங்களே சொல்றதுதானே" என்றார் டாக்டர். "தம்பிங்கறதால பதட்டப்படறீங்க."

"கோட்டு மேல நிக்குது சார். மைக்ராஸ்கோப்புல இழை தெரியுது. வந்து பாருங்க."

"பாக்கறேன். பாத்தாலும் ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு தட்டு. சும்மா மூச்சுக்குழாய்ல தங்கியிருக்கும்னு கீழே சொல்லிடுவாங்க. பூஞ்சைக்குக் குடுக்கிற மருந்து ஈரலைக் கெடுக்கும். மொத்த ஜில்லாவுக்கும் பெரிய ஆஸ்பத்திரியில விரல் விட்டு எண்ணற அளவுதான் இருக்கு. இதை வெச்சுக் கேட்டா அடுத்த வாரம் பாப்போம்பாங்க."

"அடுத்த வாரம் அவன் இருக்க மாட்டான் சார்."

எனக்கு டைப் அடிக்கிற கை நின்றுவிட்டது. பிறகு அக்காவின் குரல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி வந்தது.

"ஒரு ஆள் இல்லை சார். மூணு பேர். முன்னாடி ரெண்டு பேரோடதை நான் தூக்கிப் போட்டுட்டேன்."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

இதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். தட்டுகள் எரிந்து சாம்பலாகிவிட்டன. நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் கேட்க நாதி கிடையாது. இருபத்து நான்கு வருடமாக அவர் கண் தப்பாது என்பதுதான் ஆஸ்பத்திரியில் பேச்சு. அதைத் தன் கையாலேயே எடுத்து டாக்டர் மேஜையில் வைத்தார். மூன்று பேருக்கு, அடுத்தடுத்து, ஒரே வார்டில் என்றால் கீழே இருக்கிறவர்களால் தட்டிக்கழிக்க முடியாது. அது அவருக்குத் தெரியும்.

கதவு திறந்தது. டாக்டர் முகம் வெளிறிப்போய் வெளியே வந்தார். "உடனே ஒரு லெட்டர் அடிக்கணும். கீழே போன் பண்ணிட்டேன், ஆம்புலன்ஸை ரெடியா வெக்கறாங்க, ஆனா கையெழுத்துப் போட்ட லெட்டர் பாக்காம ஸ்டோர்லேருந்து மருந்து வெளிய வராது. மேடம் நோட்டுல இருக்கு, மூணு தேதி, மூணு படுக்கை. பேரோட போடுங்க. பதினோரு மணிக்குள்ள வண்டி கிளம்பணும்." சொல்லி முடிப்பதற்குள் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள், நாலாம் படுக்கைக்கு. அவர் ஓடிவிட்டார்.

பதினோரு மணி எதற்கென்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மதியம் இரண்டு மணிக்குக் கணவாயை மூடிவிடுவார்கள். வெயிலில் பனி இளகிச் சரியும். அதற்குப் பிறகு மறுநாள்தான். கீழிருந்து கணவாய்க்கு மூன்று மணி நேரம். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது.

அக்கா நோட்டை என் மேஜையில் விரித்து வைத்தார். மூன்று இடத்தில் தாள் துண்டு செருகியிருந்தது. முதல் துண்டில் இருந்த தேதியைப் பார்த்தேன். பக்கத்தில் "படுக்கை 2."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. படுக்கை இரண்டு என்றால் என்ன என்று புத்தி யோசித்துக்கொண்டிருக்கும்போதே உடம்புக்குத் தெரிந்துவிட்டது. காதுக்குள் இரைச்சல். வட்டம் அழகாக இருந்தது. கோடுகள், கோட்டின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள். என் அம்மாவின் நெஞ்சுக்குள் இருந்தது அது. கீழே "சுவர்."

"இது எங்க அம்மா" என்றேன்.

"ஆமாம்மா."

"இதை நான்தான் அடிச்சேன். மாசடைந்ததுன்னு."

"நான் எழுதினதைத்தான் நீ அடிச்சே. தப்பு என்னோடது."

"இதைப் பாக்கலையா நீங்க? கோட்டு மேல இருக்குன்னு தெரியலையா?"

"பாத்துதான் வரைஞ்சேன். புத்தியில ஏறலை. பஞ்சைப் பாத்ததுமே சுவர்னு முடிவு பண்ணிட்டேன். பன்னிரண்டு வருஷமா அதானே."

என் விரல்களைத் தட்டச்சிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வேண்டுமென்றேதான் எடுத்தேன். நான் நல்லவள் என்று இங்கே எழுதிக்கொள்ளப் போவதில்லை. அந்த நிமிடத்தில் நாலாம் படுக்கையில் இருந்த மனிதர் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. வாசல் பெஞ்சுக்குப் பக்கத்துக் கண்ணாடி ஜன்னல் வழியாக அம்மா என்னைத் தேடியதுதான் ஞாபகம் வந்தது. குழாய் போட்ட வாயோடு, கண்ணை மட்டும் திருப்பி. இந்தப் பொம்பளையும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று தோன்றியது. நான் அடிக்காவிட்டால் அடிக்க வேறு ஆள் இல்லை. பத்து இருபத்தைந்து.

"ஒண்ணு சொல்லுங்க" என்றேன். "அன்னைக்கே நீங்க சரியா சொல்லியிருந்தா, இந்த மருந்து வந்திருந்தா, எங்கம்மா பொழைச்சிருப்பாங்களா?"

இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். எழுபது வயது, சர்க்கரை, இந்த உயரம். டாக்டர் சொன்னதையே திருப்பிச் சொன்னால் போதும். நான் அழுதுகொண்டே அடித்துக் கொடுத்திருப்பேன். தம்பியின் உயிர் என் பத்து விரலில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கடிகாரம் என் தலைக்கு மேலேயே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நிச்சயமா சொல்ல முடியாதும்மா. ஆனா, பொழைச்சிருக்கலாம்" என்றார்.

நான் அவரை அடிக்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். கைகூடத் தூக்கியிருப்பேன். அவர் நகரவில்லை. கெஞ்சவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, "என் தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது நடையின் கோடியிலிருந்து தம்பி மனைவி வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

"அண்ணி, டாக்டர் மறுபடி ஓடறாரே, என்ன ஆச்சு? ஆக்சிஜன் ஐம்பத்தெட்டுன்னு காட்டுது. லெட்டர் போயிடுச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு வருகிற முகம் அவளுக்கு வந்திருந்தது. அதை எனக்குக் கண்ணாடியில் பார்த்துப் பழக்கம்.

"அடிச்சிட்டே இருக்கேன். போ, போய் அங்கயே இரு" என்றேன்.

அடித்தேன். கண்ணீரில் எழுத்து தெரியவில்லை. விரலுக்கு இடம் தெரியும். முதல் நோயாளி என்ற இடத்தில் என் அம்மாவின் பெயரை அடித்தேன், வயது, படுக்கை, சளி எடுத்த தேதி, இறந்த தேதி. என் அம்மாவைச் சாட்சியாக வைத்துத்தான் அந்த மருந்தைக் கேட்டோம். இரண்டாவது, மெக்கானிக். மூன்றாவது, உயிரோடு இருப்பவர். ஒரு பிழை இல்லை அந்தக் கடிதத்தில். டாக்டர் கையெழுத்துப் போட்டதும் பத்து ஐம்பதுக்கு ஃபேக்ஸில் கீழே அனுப்பினோம். பத்து ஐம்பத்தேழுக்கு வண்டி கிளம்பிவிட்டது என்று போன் வந்தது.

அதற்குப் பிறகு இருந்த மூன்று மணி நேரத்தை நான் எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரி முழுக்க வேலை செய்கிற மாதிரி நடித்தது. வெயில் அன்றைக்கென்று பளீரென்று அடித்தது. எல்லோரும் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தோம், எங்காவது பனி அசைகிறதா என்று. கணவாயில் தம்பியின் மெஷினை அவருடைய கூட்டாளி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மணிக்குச் சின்னச் சரிவு ஒன்று வந்து பாதிச் சாலையை மூடியதாகத் தகவல் வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கூட்டாளி அதை வாரித் தள்ளி, ஒரு வண்டி அகலத்துக்கு வழி செய்து, ஆம்புலன்ஸ் தாண்டும்வரை பள்ளத்தின் பக்கம் மெஷினை நிறுத்திக்கொண்டு நின்றாராம். மூடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் வண்டி கணவாயைத் தாண்டியது. இரண்டு பத்துக்கு மருந்து நாலாம் படுக்கையில் ஏறியது.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. நான்கு நாள் காய்ச்சல் அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் இறங்கியது. இருபத்தாறாம் நாள் குழாயை எடுத்தார்கள். தம்பியின் வலது நுரையீரலில் ஒரு பக்கம் ஓட்டை விழுந்து ஆறியிருக்கிறது. மெஷின் ஓட்ட முடியாது. இப்போது கணவாய் முகப்பில் தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்குகிற வேலை. பேசினால் நடுவில் மூச்சு வாங்குவார். ஆனால் வாய் குறையவில்லை.

வார்டை மூடி நடைக்கூரையை மறுபடி பிரித்தார்கள். உள்ளே மிச்சம் இருந்த கம்பளிக் கழிவு ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. அதிலிருந்துதான் தூள் கொட்டியிருக்கிறது, ஸ்டீராய்டால் தெம்பு இழந்த நுரையீரல்களுக்குள். ஐந்தாம் படுக்கையில் இருந்த பெண்ணுக்கும் அது தொடங்கியிருந்தது. நேரத்தோடு கண்டுபிடித்ததால் தப்பினாள். விசாரணை வந்தது. அக்காவின் நோட்டையே அவருக்கு எதிராக வைத்தார்கள். ஒரு வருடம் ரத்தம் எடுக்கிற ஜன்னலில் உட்கார வைத்தார்கள். லாரி மெக்கானிக்கின் வீட்டுக்கு அவரே நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அங்கே என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஸ்வெட்டரின் கை கிழிந்திருந்தது.

வடக்குச் சுவரைப் பெயர்த்துப் பூசிவிட்டார்கள். ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது அந்த வேலை.

மன்னித்துவிட்டாயா என்று என்னைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை. அம்மாவின் வட்டம் நினைவுக்கு வருகிற நாளில் எனக்கு அவர் முகத்தில் விழிக்கப் பிடிக்காது. அவரும் அதைத் தெரிந்துகொண்டு அன்றைக்கு என் மேஜைப் பக்கம் வர மாட்டார்.

அவர் திரும்பவும் தட்டுகளுக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். "மாசடைந்தது" என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் நான் அதை அடிப்பதில்லை. எழுந்து, நடையைக் கடந்து, பரிசோதனைக்கூடத்துக்குப் போவேன். எனக்கு அங்கே என்ன வேலை என்று முதல் நாளிலிருந்து இன்றுவரை அக்கா கேட்டதில்லை. எரிக்காமல் வைத்திருப்பார். தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். நான் குனிந்து கோட்டைத் தேடுவேன். எனக்குப் பயமாக இருக்கும்.

"கோட்டுக்கு வெளியதான் இருக்கு" என்பேன்.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. இன்னொரு தடவை பாரும்மா" என்பார்.

இன்னொரு தடவை பார்ப்பேன். பிறகு போய் அடிப்பேன்.